மூன்றாவது வரிசைச் சித்தி

கடலையே கைகாட்டி நிறுத்தி, “இரு, ஆறு போகட்டும்” என்று சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் இப்போது எங்கள் செருப்பு அலமாரி முன்னால் சப்பணமிட்டு, பேனாவைக் கடித்தபடி லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கிறாள். என் சித்தி.

அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது ஸ்விட்ச். வீட்டு நெட் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டி. போகிற வருகிற தகவல்கள் அதற்குள் நான்கு வரிசையில் நிற்கும். எந்த வரிசையை முதலில் விடுவது என்று அதற்குச் சொல்லிவைப்பதுதான் சித்தியின் ஆபீஸ் வேலை. வீட்டிலும் விடுவதில்லை. காலையில் குளியலறை வாசலிலும் அதே அதிகாரம்: “ஸ்கூல் போறவன் முதல்ல. சும்மா கண்ணாடி பாக்கறவங்க கடைசி.”

எங்கள் வீட்டில் முதல் வரிசை அம்மாவின் ஆன்லைன் கணக்கு வகுப்புக்கு. “பேச்சு காத்திருந்தா செத்துப்போகும்டா. ஃபைல் காத்திருந்தா ஒண்ணும் ஆகாது” என்பாள் சித்தி. இரண்டாவது, என் கால்பந்து கேம். நான் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்கிய இடம். மூன்றாவதில்தான் சித்தியின் லேப்டாப். நான்காவது டி.வி.

புது வேலைக்கான போன ஆன்லைன் நேர்காணலில் அவள் முகம் பாதிச் சொல்லில், கொட்டாவி விட்ட மாதிரி திரையில் உறைந்துபோனது. அந்த வேலையும் கைநழுவிப் போனது. ‘கொட்டாவி ராணி’ என்று பெயர் வைத்தேன். என்னைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். சிரித்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினாள்.

நேற்று சாயங்காலம் இன்னொரு நேர்காணல். மொத்த நெட்வொர்க்குக்கும் தலைமைப் பொறுப்பு. அதே நேரத்தில் அம்மாவுக்கு வகுப்பு.

“உன் லேப்டாப்பை மேல ஏத்திக்கயேன்” என்றாள் அம்மா.

“வேணாங்க்கா. அவன் கேம் நின்னா வீடே இடிஞ்சு விழும். மூணாவதே போதும்.”

சித்தி புடவைக்கு ஊசி தேடப் போன நேரம். அவள் ஆபீஸ் பாஸ்வேர்ட் கடவுளுக்கே தெரியாது. வீட்டு ஸ்விட்சின் பாஸ்வேர்ட், அவள் எனக்கு வைத்த பட்டப்பெயர்: குரங்கு. அவளை அம்மாவுக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் ஏற்றினேன். என்னை டி.வி.யோடு கடைசி வரிசைக்குத் தள்ளினேன்.

நேர்காணல் முடிந்து கதவு திறந்தது. “திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்கக்கா” என்று அம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். புடவை ஊசி எங்கோ தெறித்தது. சுற்றிய வேகத்தில் என் திரை முன்னால் வந்து நின்றாள். கோல் அடிக்கத் தூக்கிய காலோடு என் ஆட்டக்காரன் அசையாமல் நின்றான்.

“எவ்ளோ நேரமாடா இவன் ஒத்தக் கால்ல நிக்கறான்?”

“இப்பதான் சித்தி.”

“நீ ஒரு தடவகூட கத்தலயே.”

“தொண்டை கட்டிக்கிச்சு.”

சித்தி என்னையே பார்த்தாள். பிறகு லேப்டாப்போடு செருப்பு அலமாரி முன்னால் போய் உட்கார்ந்து, வரிசைகளைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், தட்டினாள்.

தூக்கிய கால் இறங்கியது. கோல்.