நாயகி அக்காவின் கமராவில் ஒரு கீறல்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலால் வரும் வழியில், என் மகளின் அடையாள அட்டைப் படத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பருத்தித்துறைக் கடைத்தெருவில் இறங்கினேன். நாயகி அக்காவின் ஸ்ரூடியோக் கதவு பாதி சாத்தியிருந்தது. பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் எழுந்து நின்றார்.

“அக்கா, உங்களுக்கு விசயம் தெரியாதே? நாயகி அக்கா விடியப்புறம் கண்ணை மூடிட்டா.”

உள்ளே போனேன். மேசையில் மகளின் படம் உறையில் போட்டபடி தயாராக இருந்தது. உறையின் மேல் அவருடைய கையெழுத்தில், “படத்தை ஓரத்தில் பிடிக்கவும்” என்று எழுதியிருந்தது. கடைசி வேலையையும் முடித்து, அதற்கு ஒரு கட்டளையும் எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவருடைய மகள் கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் அல்ல. தேவாரப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து, கணக்குக் கொப்பி எழுதிப் பழகிய கை இது. ஆனால் இந்த ஊரில் வேறு எவருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை எழுதாமல் விட்டால் என் பேரில் ஒரு பிழை நிற்கும்.

தில்லைநாயகி அக்கா கமராவைக் கையில் எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். அவருடைய கணவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும், அவர் இருட்டறை வேலையைப் பார்க்க, இவர் வெளியே படம் எடுக்கப் போனார். முதல் கலியாண வீட்டில் யாரோ ஒரு பெரியவர், “என்ன, பொம்பிளையோ படம் பிடிக்கிறது?” என்று கேட்டாராம். “ஓம் ஐயா. பொம்பிளையைப் படம் பிடிக்கப் பொம்பிளை வந்திருக்கிறன். நீங்கள் கொஞ்சம் விலகி நில்லுங்கோ, உங்கடை தலை படத்திலை விழுகுது” என்றாராம் அக்கா. அதற்குப் பிறகு கலியாணங்களில் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதாக நான் அறியவில்லை.

அறுபதுகளின் கடைசியில் என் தம்பிக்கு நுவரெலியாவில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. அங்கேயே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகளை விரும்பிவிட்டான். அம்மா சம்மதிக்கவில்லை. கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று படுத்துவிட்டா. நான் காலைப் பிடித்துக் கேட்டபோது ஒரே ஒரு படிதான் இறங்கி வந்தா. “தாலி கட்டினதைப் படத்திலை கண்ணாலை கண்டால் மருமகள் எண்டு சொல்லுவன். அதுவரைக்கும் அவள் ஆரோ, நான் ஆரோ.”

அதனால்தான் நாயகி அக்காவை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஒரு படம் வராவிட்டால் தம்பிக்கு வீடு இல்லை.

புறப்படும் முன் அக்கா என்னிடம் ஒரு சுண்டு பச்சையரிசியை எண்ணெய் விடாமல் நிறம் மாறும் வரை வறுத்துத் தரச் சொன்னார்.

“பயணத்துக்கு மா இடிக்கவோ, அக்கா?”

“இது எங்களுக்கில்லை. கமராவுக்குச் சோறு.”

வறுத்த அரிசியைத் துணியில் சிறு பொட்டலங்களாகக் கட்டி, இறுக்கமான மூடியுள்ள ஒரு பிஸ்கற் தகரத்தின் அடியில் அடுக்கினார். அது ஈரத்தை இழுக்குமாம். சாமான் பட்டியலை நான் கொப்பியில் எழுதினேன்: கமரா ஒன்று, பிலிம் சுருள் ஆறு, பிளாஷ் பல்பு இருபது, பற்றறி நாலு. மலையில் ரெயிலால் இறங்கியதும் பட்டியலைச் சரிபார்த்தேன். பற்றறிகளைக் காணவில்லை. நான் பதறிப்போனேன். அக்கா தன் மடியைத் தட்டிக் காட்டினார்.

“இஞ்சை கிடக்கு. குளிர் பட்டால் பற்றறி செத்தது மாதிரிக் கிடக்கும். சாகேல்லை, விறைச்சுப் போச்சு. உடம்புச் சூட்டிலை வைச்சிருந்தால் எழும்பும்.”

கலியாணத்தன்று விடியப் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்திருந்தது. தை மாதத்திலும் வெயில் காயும் ஊரில் இருந்து வந்த எங்களுக்குப் பல் கிட்டியது. அந்தக் குளிரில் அக்கா வெளியே நின்று மாப்பிள்ளையை நாலு படம் எடுத்தார். குளிரில் பிலிம் மொறுமொறுத்துப்போகும் என்று சுருளை மெல்ல மெல்லச் சுற்றினார். கமராவுக்கு மிகக் கிட்ட மூச்சு விடாதே என்று தம்பியையே அதட்டினார். பிறகு, மண்டபத்துக்குள் வருமுன்னமே கமராவைத் தகரத்துக்குள் வைத்து இறுக மூடினார்.

“குளிரிலை கிடந்த சாமானைச் சூட்டிலை உடனை திறந்தால் வேர்க்கும். ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது. வேர்க்கிறதெண்டால் தகரம் வேர்க்கட்டும்” என்று சொல்லித் தகரத்தை என் கையில் தந்துவிட்டு, மணப்பெண் இருக்க வேண்டிய இடத்தைப் பார்க்கப் போனார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கத்தி, அரிவாள், தையல் மிசின் எதுவானாலும் நல்ல காரியத்துக்கு எடுக்கும்போது சந்தனம் வைத்துச் சாமிக்குக் காட்டாமல் எடுப்பதில்லை. தம்பியின் வாழ்வே தொங்கும் கமராவுக்கு அது செய்யவில்லையே என்று எனக்கு மனம் குறுகுறுத்தது. ‘ஒருத்தரும்’ என்று அக்கா சொன்னது மற்றவர்களைத்தான், பிள்ளையாரை அல்ல என்று நானே முடிவு செய்துகொண்டேன். மண்டபத்தின் யன்னல்கள் குளிருக்காகச் சாத்தியிருந்தன. உள்ளே ஓமப் புகை, சனக்கூட்டம், பக்கத்துச் சமையலறையின் ஆவி. பிடித்துவைத்த பிள்ளையாருக்கு முன்னால் தகரத்தைத் திறந்து, கமராவை எடுத்து அதன் பக்கவாட்டில் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன்.

என் கண் முன்னாலேயே கண்ணாடி வெளுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி உள்ள கமரா அது; மேலதால் பார்ப்பது, கீழதால் படம் எடுப்பது. இரண்டும் பால் பூசியது போலாயின. நான் சீலைத் தலைப்பை எடுத்து அழுத்தித் துடைத்தேன். அந்தத் தலைப்பில் ஊர்க் கோயில் விபூதி முடிந்து வைத்திருந்தேன் என்பது துடைத்து முடித்த பிறகுதான் நினைவில் வந்தது.

அக்கா திரும்பி வந்தார்.

“ஆர் திறந்தது?”

“நான்தான் அக்கா. சாமிக்குக் காட்டினனான்.”

“சாமி பாத்திட்டார். இனி எங்களுக்கெல்லோ தெரியவேணும்.” கமராவை வெளிச்சத்துக்குத் திருப்பினார். “துடைச்சனீரோ? எதாலை?”

நான் தலைப்பைக் காட்டினேன். முடிச்சை விரலால் தொட்டு, விரலில் ஒட்டிய பொடியைப் பார்த்தார். படம் எடுக்கும் கீழ்க்கண்ணாடியில் மயிர் போல ஒரு கீறல் ஓடியிருந்தது.

“சரி. கீறினது கீறினதுதான். பனிப்புகாரைக் கலைப்பம். தணல் சட்டி ஒண்டு கொண்டுவாரும். அழுதால் வெளியிலை போய் அழும், இஞ்சை ஏற்கெனவே ஈரம்.”

மூலையில், தணலுக்கு ஒரு முழம் தள்ளிக் கமராவைப் பிடித்தார். கிட்டக் கொண்டுபோனால் கண்ணாடி வெடிக்கலாம் என்றார். நான் விசிறினேன். இடைக்கிடை என்னை முன்னால் நிறுத்தி, மேல்மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார்.

“உம்மடை மூக்கு வந்திட்டுது. கண் இன்னும் வரேல்லை. விசிறும்.”

ஐயர் முகூர்த்தம் நெருங்குகிறது என்று எங்களைப் பார்த்தார். படக்காரிக்காகப் பொறுக்கட்டுமா என்று கேட்டார்.

“ஐயா, நீங்கள் உங்கடை நேரத்துக்குக் கட்டுவியுங்கோ. நான் என்ரை நேரத்துக்கு வந்திடுவன்” என்றார் அக்கா, தலை நிமிராமல்.

மேளம் உயர்ந்தபோதுதான், “கண்ணும் வந்திட்டுது” என்று எழும்பினார். மடியில் இருந்த பற்றறியைப் பிளாஷில் போட்டார். நெருப்பு வெளிச்சம் கீறலில் படாதபடி ஓமகுண்டத்தைத் தன் முதுகுப் பக்கம் விட்டு நின்றார். தம்பியின் கை பெண்ணின் கழுத்துக்குப் போன அந்தக் கணத்தில் ஒரே ஒரு மின்னல். இரண்டாவது எடுக்க அவர் முயலவில்லை.

ஊருக்கு வந்து படம் கழுவியபோது தாலியும் கையும் முகமும் தெளிவாக இருந்தன. ஆனால் யாரோ ஒருவர் பின்னால் ஏந்தி நின்ற விளக்கில் இருந்து ஒரு வெளிச்சக் கற்றை தம்பியின் தோளில் சரிந்து விழுந்திருந்தது. அம்மா படத்தைக் கையில் வாங்கி, அந்த வெளிச்சத்தைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டா.

“முருகா! நீயே வந்து நிண்டியோ?”

அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அக்கா விடவில்லை.

“மாமி, அது முருகன் இல்லை. கண்ணாடியிலை ஒரு கீறல்.”

“கீறலோ? ஆர் கீறினது?”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

“மலைக் குளிர் செய்த வேலை, மாமி. அதை விடுங்கோ. தாலியைப் பாருங்கோ. அதிலை கீறல் இல்லை.”

அம்மா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தா. பிறகு என்னைத் திட்டத் தொடங்கினா. “நீ அங்கை நிண்டு என்னடி செய்தனி? ஆர் இந்தப் பிள்ளைக்குக் கூறை உடுத்தினது? கொய்யக மடிப்பெல்லாம் ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கு. சித்திரை வருசத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச்சொல்லு. என்ரை மருமகளுக்கு நான் உடுத்திவிடுறன்.”

வெளியே வந்ததும் அக்கா சொன்னது இவ்வளவுதான்: “பாத்தீரே? மாமிக்குக் கண்ணும் வந்திட்டுது.”

அந்தக் கமராவை அவர் மாற்றவில்லை. கடைசி வரை அதோடேயே வேலை செய்தார். உங்களில் எத்தனையோ பேர் அவருக்கு முன்னால் நின்றிருக்கிறீர்கள். “விளக்குக்கு முன்னாலை நில்லாதேங்கோ, இஞ்சாலை வாங்கோ” என்று தோளைப் பிடித்து இழுத்து நிறுத்துவாரே, நினைவிருக்கிறதா? அது அவருடைய பிடிவாதம் என்று சிரித்திருக்கிறோம். அது என் சீலைத் தலைப்பு செய்த வேலை. பதினைந்து வருடமாக அவர் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை. இன்று நான் சொல்லிவிட்டேன்.

பிஸ்கற் தகரத்தை அக்காவின் மகள் எனக்குத் தந்தாள். தம்பியின் கலியாணப் படமும் என் மகளின் அடையாள அட்டைப் படமும் இப்போது அதற்குள் இருக்கின்றன. மாரி தொடங்கும்போது அரிசி வறுத்துப் பொட்டலத்தை மாற்றுவேன். விபூதியைப் பித்தளைச் சிமிழில்தான் வைக்கிறேன். படத்தை எடுத்துப் பார்க்கும்போது ஓரத்தில் பிடிக்கிறேன், அக்கா.