இடது கைக்கு ஒரு குக்ரி

போஜ்பூர் மலைச்சரிவில் ஜித்மான் ராயைத் தெரியாதவர்கள் குறைவு. படிப்பினாலோ சொத்தினாலோ வந்த பெயர் இல்லை அது. கிடாயின் கழுத்தை ஒரே வீச்சில் இறக்குகிற கை அவனுடையது. கல்யாணமோ தசைன் பண்டிகையோ, எந்த வீட்டில் கிடா வெட்டினாலும் முதல் நாளே அவனைத் தேடி ஆள் வந்துவிடும். "அது வாயில புல்லு இருக்கும்போதே முடிச்சிருவான். அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்கள். வெட்டுகிறவனுக்கென்று ஒரு பங்கு இறைச்சியை இலையில் கட்டிக் கொடுப்பார்கள். அதை வாங்குகிறபோது அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெருமையாகவும் இருக்கும்.

இடுப்பில் அவன் செருகியிருந்த குக்ரி என்னும் வளைகத்தி அப்பாவுடையது. அவர் இறந்தபோது வீட்டோடும் நிலத்தோடும் அதுவும் வந்து சேர்ந்தது. அவனாக ஒரு குக்ரியைப் பார்த்து வாங்கியது கிடையாது. வாங்க வேண்டிய தேவையே வரவில்லை.

இருபத்தொன்பதாவது வயதில் மலேசியாவுக்குப் போனான். ஒட்டுப்பலகை செய்யும் தொழிற்சாலை. போகும்போது மகள் ரோஜினாவுக்கு இரண்டு வயது. மனைவி இந்திரகலா எருமையையும் நாலு பாத்தி நிலத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். முடிய எட்டு மாதம் இருக்கையில், ஒரு தை மாதத்துக் காலையில், பலகையை அழுத்தும் இயந்திரம் அவனுடைய வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது.

மருத்துவமனையில் கண் விழித்ததும் அவன் முதலில் நினைத்தது இந்திரகலாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான். அடுத்த வெள்ளி சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அந்த வெள்ளி வந்தபோது அவள் ஒரு கிடாக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனில் வந்தாள். "இதைப் பாருங்க. நீங்க வர்ற தசைனுக்குத்தான் இதை வாங்கியிருக்கேன். நீங்கதான் வெட்டணும்" என்றாள். அவன் போனை இன்னும் கொஞ்சம் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

அப்படியே எட்டு மாதம் போயிற்று. "ஏன் எப்பப் பார்த்தாலும் நெத்திய மட்டும் காட்டுறீங்க?" என்று அவள் கேட்டாள். "சிக்னல் சரியில்ல" என்றான். காயம் ஆறியபின் முதலாளி உட்கார்ந்து பார்க்கிற காவல் வேலை கொடுத்தார். ஒப்பந்தம் முடிந்ததும் பயணச்சீட்டு கொடுத்தார்.

ஆவணி மாத வெயிலில் பேருந்தை விட்டு இறங்கினான். தோளிலிருந்து முழங்கால் வரை சால்வை. இந்திரகலா மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரோஜினா அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"என்ன இது, வேர்த்து ஊத்துது, சால்வையப் போர்த்திக்கிட்டு? மலேசியா போய்ட்டு வந்தா நம்ம ஊர் குளிருமா?" என்று சிரித்துக்கொண்டே சால்வையின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

சால்வை அவள் கையோடு வந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பிறகு பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்கள். இந்திரகலா சால்வையை நாலாக மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். அவன் தோளில் முன்பிருந்தபடியே போட்டுவிட்டு, பெட்டியைக் கயிற்றில் கட்டி முதுகில் ஏற்றி, கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடு வரை இரண்டு மணி நேர ஏற்றம்.

வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிய பிறகுதான் கேட்டாள்.

"எப்ப?"

"தை மாசம்."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "எட்டு மாசம். எட்டு மாசமா என்கிட்ட மூஞ்சிய மட்டும் காட்டிட்டு இருந்திருக்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை ஒருமையில் பேசியது அன்றுதான்.

"சொன்னா நீ அங்க தனியா உக்காந்து அழுவேன்னு…"

"அழுதிருப்பேன். அழுதுட்டு எந்திரிச்சு எருமைக்குப் புல்லு போட்டிருப்பேன். இப்ப என்ன பண்றது? உனக்கு அங்க கை போயிருக்கு, நான் இங்க புது ரவிக்கை எடுத்தேன்னு காட்டிட்டு இருந்திருக்கேன். கெடாவுக்குக் கொம்பு முளைச்சிருச்சுன்னு சிரிச்சிட்டு இருந்திருக்கேன். அந்தச் சிரிப்பையெல்லாம் நான் எங்க கொண்டுபோய்ப் போடுறது?"

ரோஜினா கிட்டே வந்து, மடித்துக் கட்டியிருந்த சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். "உள்ள இல்லையா?" என்று கேட்டாள். "இல்ல" என்றான்.

அப்பாவின் குக்ரியை இந்திரகலா ஐந்து வருடமும் கடுகெண்ணெய் பூசி வைத்திருந்தாள். துருவின் புள்ளிகூட இல்லை. மறுநாள் அதை இடது கையில் எடுத்தான். நாற்பது வருடம் வலது கைகள் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த மரப்பிடி அது. கட்டைவிரல் பதிய வேண்டிய பள்ளம் அந்தப் பக்கம் இருந்தது. இவன் விரல்களுக்கு இந்தப் பக்கம் மேடுதான் கிடைத்தது. கத்தியின் வாயும் அப்பா தீட்டிய வாக்கில் ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. விறகில் போட்டால் வழுக்கிக்கொண்டு போயிற்று. நாலு தடவை போட்டுப் பார்த்துவிட்டு உறையில் செருகினான். உறையில் செருகவே இரண்டு தடவை தவறிற்று.

பதினைந்து நாள் அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் விறகு பிளந்தாள், தழை வெட்டினாள், மூங்கில் சீவினாள். ஒரு நாள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இடக்கைக்குன்னு ஒண்ணு பாத்து வாங்குவோம். என்னால ரெண்டு பேர் வேலையும் செய்ய முடியாதுன்னு சொல்லல. நீங்க இப்படி உக்காந்திருக்கிறதப் பாக்க முடியல."

மறுபடி 'நீங்க' என்றாள். அவன் அதைக் கவனித்தான்.

கொல்லர் லால்பீரின் பட்டறை ஆற்றுக்கு மேலே இருந்தது. அறுபதைத் தாண்டியவர், வாய் சும்மா இருக்காது. ஜித்மானைப் பார்த்ததும் துருத்தியை நிறுத்திவிட்டு எழுந்தார். கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஊரே சொல்லியிருக்கும். பலகையில் சாக்கை விரித்து ஏழு குக்ரிகளை வரிசையாக வைத்தார்.

"மொதல்ல கையக் குடு தம்பி. கத்தியப் பாக்காத, கையத்தான் பாக்கணும்" என்று அவனுடைய இடது கையை விரித்துப் பிடித்து, தன் விரலால் அளந்தார். "வலக்கைய விட ஒரு சுத்து சின்னது. எல்லாருக்கும் அப்படித்தான். இத்தன வருசம் சும்மா சோறு தின்னுட்டுக் கூட இருந்த கை."

இந்திரகலா சிரித்தாள். பேருந்து நிலையத்தில் சால்வையை இழுத்ததற்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

லால்பீர் கடைசியாக இருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஒரு சாணும் நாலு விரலும் நீளம், எருமைக்கொம்புப் பிடி, மெல்லிய முதுகு. "இதை எடுத்துக்க. வாயை உன் பக்கம் சாய்ச்சுத் தீட்டித் தர்றேன். உறையில வார்ப்பட்டையையும் மாத்தித் தைக்கணும், வலது இடுப்புல தொங்குற மாதிரி."

ஜித்மான் அதைக் கையில் நிறுத்துப் பார்த்தான். "இது காய்கறி நறுக்குறது அண்ணே."

"இடக்கை இன்னும் குழந்த, தம்பி. குழந்த கையில பெருசக் குடுப்பாங்களா?"

"எனக்கு முப்பத்தி நாலு வயசு."

"உனக்கு. அந்தக் கைக்கு?"

ஜித்மானுக்கு முகம் சிவந்தது. வரிசையின் நடுவிலிருந்த பெரிய குக்ரியை எடுத்தான். முதுகு ஒரு விரல் தடிமன். கிடா வெட்டுகிற எடை, அவனுக்குப் பழகிய எடை. பட்டறை வாசலில் கிடந்த கட்டையின் முன்னால் போய் நின்றான். "வேண்டாங்க" என்றாள் இந்திரகலா. அவன் ஓங்கி வீசினான். பாதி வீச்சில் மணிக்கட்டு திரும்பிவிட்டது. குக்ரி கையை விட்டுக் கழன்று, இந்திரகலாவின் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

லால்பீர் மெல்ல வந்து அதைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, பழைய இடத்தில் வைத்தார். "இன்னைக்கு வேணாம். டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். ஜித்மான் டீ குடிக்கவில்லை.

அடுத்த வாரம் தனியாகப் போனான். லால்பீர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தான். அவர் சாக்கைத்தான் விரித்தார். இந்த முறை அவன் ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தான். ஒன்றின் பிடி தடித்தது. ஒன்றுக்கு முனை கனம், கையைக் கீழே இழுத்தது. இன்னொன்று அழகாக இருந்தது, ஆனால் பிடிக்கும் கத்திக்கும் நடுவே ஏதோ ஆடியது. கடைசியில் அந்தக் கொம்புப் பிடிக் குக்ரியிடமே வந்து நின்றான். அது கையில் இருப்பதே தெரியவில்லை. அதுதான் அவனுக்கு அழுகையை வரவழைத்தது. தன் வாழ்க்கையில் தானே பார்த்து எடுத்த முதல் குக்ரி, பள்ளிக்கூடத்துப் பையன் தூக்குகிற கனம்.

"தீட்டித் தாங்க" என்றான். லால்பீர் வாயை இடக்கைப் பக்கமாகச் சாய்த்துத் தீட்டிக் கொடுத்தார்.

அதைக் கொண்டு வாழைத்தண்டு வெட்டிப் பழகினான். பிறகு சுள்ளி. பிறகு கட்டைவிரல் பருமனுள்ள மூங்கில். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, வலது முழங்கையால் முட்டுக்கொடுத்து வெட்டக் கற்றான். கணுக்காலில் ஒரு வெட்டும் முழங்காலில் இரண்டும் விழுந்தன. இந்திரகலா மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள். "போன கை திரும்பி வராது, இருக்கிற காலையாவது பாத்துக்கங்க" என்றாள்.

தசைன் வந்தது. அந்தக் கிடா நன்றாகக் கொழுத்திருந்தது. வெட்ட யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் பேச்சே எழவில்லை. கிடா வெட்டுகிற எட்டாம் நாள் காலையில் ஜித்மானே போய்ச் சித்தப்பா மகன் காய்லாவைக் கூட்டிவந்தான். காய்லா வாசலிலேயே தயங்கினான்.

"அண்ணே, நான் எப்படி, உங்க முன்னாடி…"

"முன்னாடி என்ன, பின்னாடி என்ன. கயிறு நான் பிடிக்கிறேன். கழுத்து எலும்புக்குப் பின்னால ரெண்டு விரல் தள்ளிப் போடு. கண்ண மூடாத."

கயிறு பிடிப்பது வெட்டத் தெரியாதவர்களின் வேலை. பத்து வருடம் அவன் வெட்ட, ஊரில் யார் யாரோ அவனுக்குக் கயிறு பிடித்திருக்கிறார்கள். இப்போது அவன் கயிற்றை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு குனிந்து நின்றான். கூடியிருந்தவர்கள் கிடாயைப் பார்த்தார்கள், மலையைப் பார்த்தார்கள், அவனை மட்டும் பார்க்கவில்லை.

காய்லாவின் முதல் வீச்சு போதவில்லை. கிடா கத்தியது. அந்தச் சத்தம் கயிற்றின் வழியாக ஜித்மானின் தோள் வரை ஏறியது. இரண்டாவது வீச்சில் முடிந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணே."

"மொதல் தடவ அப்படித்தான்" என்றான் ஜித்மான். வெட்டினவன் பங்கை அவனே இலையில் கட்டிக் காய்லாவிடம் கொடுத்தான். பத்தாம் நாள் பெரியவர்கள் கையால் நெற்றியில் அட்சதை வைத்துக்கொண்டான், வந்தவர்களுக்கு ரக்சி சாராயம் ஊற்றினான், எல்லோரோடும் சிரித்தான். இறைச்சியை மட்டும் தொடவில்லை. இந்திரகலா அவன் தட்டில் குந்த்ருக் என்கிற புளிக்கவைத்த கீரையையும் சோற்றையும் வைத்தாள்.

தை மாதம் வந்தபோது இந்திரகலா சைப்ரஸுக்குப் போவதென்று முடிவாயிற்று. அங்கே ஒரு முதியவளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதலில் பேச்செடுத்தது அவள்தான்.

"மூணு வருசம். ரோஜினா பத்தாவது முடிக்கணும்னா யாராவது போய்த்தான் ஆகணும். உங்கள இனிமே எவனும் எடுக்க மாட்டான்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது அவனுக்கும் தெரியும். அப்படியும் அந்த வார்த்தை அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"போயிட்டு வா" என்றான்.

பேருந்து புறப்படும்போது அவள் ஜன்னல் வழியாக ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அரிசி எந்தப் பானையில், உப்பு எங்கே, எருமைக்கு எந்தப் பக்கத்துத் தழை பிடிக்கும். ரோஜினா தலையாட்டிக்கொண்டே வந்தாள். வண்டி திரும்பியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மகளைத் தூக்கிக்கொள்ள அவனுக்கு ஒரு கைதான் இருந்தது. அதனால் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் தழை வெட்டினான், தண்ணீர் காட்டினான், செம்பை எடுத்துக்கொண்டு எருமையிடம் போனான். ஆறு வருடமாக இந்திரகலாவின் இரண்டு கைகளும் பழகிய எருமை. ஒற்றைக் கை மடியில் பட்டதும் விலகி நின்றது. மறுபடி போனான். காலை உதறியது. இரண்டு நாள் பால் விடவில்லை. மடி கட்டிப்போய் அது முனகியது. மூன்றாம் நாள் காய்லாவின் மனைவி வந்து கறந்து கொடுத்தாள். அவள் கறக்கும்வரை அவன் எருமையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். நாலாம் நாள் யாரையும் கூப்பிடாமல் அவனே உட்கார்ந்தான். செம்பைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வெகுநேரம் ஒரு காம்பு, பிறகு ஒரு காம்பு. கால் செம்பு பால் வந்தது. அதைக் காய்ச்சி ரோஜினாவுக்குக் களியில் ஊற்றிக் கொடுத்தான்.