பாதரசத்துக்கும் கொசுறு போட்டவர்

மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் தராசு ரிப்பேர் செய்துகொண்டிருந்த மெஹபூப் பாஷாவுக்கு உலகத்தில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். கருவாடு. அந்த வாடை தெருமுனையில் வந்தாலே கைக்குட்டை மூக்குக்குப் போய்விடும். அவருக்கு வாய்த்த மச்சானோ கருவாட்டுக் கடைக்காரர். மனைவி கைசர் ஜஹானின் அண்ணன் வலியுல்லாவுக்கு அதே மார்க்கெட்டில், பாஷாவின் இடத்துக்கு நாலு கடை தள்ளி, மலைபோலக் குவித்த கருவாட்டு வியாபாரம்.

யுத்தம் நடந்த சமயம். சீமையிலிருந்து கப்பல் ஒழுங்காக வருவதில்லை. டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினும் வருவதில்லை. அடையாறில் எட்டுக் கட்டில் போட்டு நர்ஸிங் ஹோம் நடத்திய டாக்டர் கருணாகரன், உடைந்துபோன மிஷின் ஒன்றைப் பாஷாவிடம் ரிப்பேருக்கு அனுப்பினார். பாஷா அதைக் கழற்றிப் பார்த்தார்.

"அட, இதுவும் தராசுதான்பா! ஒரு பக்கம் காத்து, ஒரு பக்கம் பாதரசம். தட்டுதான் இல்ல" என்றார்.

அன்றோடு மார்க்கெட்டுத் தராசுகளுக்குக் கேடு வந்தது. பாஷா சொந்தமாக ஒரு மிஷின் செய்ய உட்கார்ந்துவிட்டார். நாட்டு மருந்துக் கடையில் பாதரசம் வாங்கினார். கையில் சுற்றும் பட்டிக்குள் காற்று நிற்க வேண்டுமே, அதற்குப் பழைய புட்பாலின் ரப்பர் பையை வெட்டி ஒட்டினார். பட்டிக்குத் துணி கைசர் ஜஹானின் கல்யாணத்தில் மிஞ்சிய பச்சை சாட்டின், ஓரத்தில் ஜரிகையோடு. முணுமுணுத்துக்கொண்டே அவள்தான் தைத்தும் கொடுத்தாள். எட்டு மாதம் ஓடிப்போனது.

வலியுல்லா தங்கை வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னார். "இதோ பாரு மச்சான். ரம்ஜான் பிறை தெரியறதுக்குள்ள இந்தக் குழாய் வேல ஒரு வழிக்கு வரணும். வரலேன்னா நீ என் கடையில வந்து குந்திக்க. வஞ்சிரம், வாளை, நெத்திலி, எல்லாம் நானே சொல்லித் தரேன்."

"நெத்திலியா!" என்று பாஷா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணன் சொல்றது நியாயம்தான்" என்றாள் கைசர் ஜஹான்.

லஸ்ஸில் இருந்த மருந்துக்கடை முதலாளி மிஷினைப் பார்த்தார், ஜரிகையையும் பார்த்தார். காய்கறி நிறுக்கும் தராசுக்கு முத்திரை குத்த ஆள் உண்டு; இதற்கு யாரும் இல்லை. "டாக்டர் கருணாகரன் பத்துப் பேர் கையில சோதிச்சுக் கையெழுத்துப் போட்டா விக்கறேன் பாய். இல்லேன்னா வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

பாஷா கறுப்புக் கோட்டும் துருக்கித் தொப்பியும் மாட்டிக்கொண்டு அடையாறுக்குப் போனார்.

சோதனை செய்தவர் ஹெட் நர்ஸ் ஆரோக்கியமேரி. சாந்தோம்காரர், வீண் பேச்சுப் பேசாதவர். மிஷினை மேஜைமேல் நிறுத்தி, பாதரசம் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். நின்றது. ரப்பர் பந்தை அமுக்கி இருநூறுக்கு ஏற்றிவிட்டு நூறு வரை எண்ணினார். பாதரசம் இறங்கவில்லை.

"புட்பால் பரவாயில்லையே" என்றார்.

பிறகு மூன்று வாய் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து, டாக்டரின் சீமை மிஷினையும் பாஷாவின் மிஷினையும் ஒரே பட்டியில் இணைத்தார். ஒரே கை, ஒரே காற்று. இரண்டு குழாயிலும் பாதரசம் பக்கத்தில் பக்கத்தில் ஏறும். பிறகு காற்றை மெல்ல இறக்கி, முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, முதல் 'டக்' வரும்போது இரண்டும் என்ன காட்டுகின்றன என்று எழுத வேண்டும். இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

முதலில் பெருக்குகிற தேவானை வந்து உட்கார்ந்தாள். சீமை மிஷின் நூற்றிருபது, பாஷா மிஷின் நூற்றுப்பதினாலு. அடுத்து சமையற்காரர் கோதண்டபாணி. நூற்றறுபது, நூற்றைம்பத்திரண்டு. அப்புறம் கட்டிலில் கிடந்த நோயாளி சுப்பம்மா. இருநூறு, நூற்றுத்தொண்ணூறு.

ஆரோக்கியமேரி பென்சிலைக் கீழே வைத்தார். "பாய், மிஷின் கெட்டுப் போயிருந்தா தாறுமாறா காட்டும். இது நூத்துக்கு அஞ்சு, இருநூறுக்குப் பத்துன்னு கணக்கா குறையுது. வேணும்னே செஞ்சிருக்கீங்க."

பாஷா வெட்கத்தோடு சிரித்தார். "கொசுறு, சிஸ்டர்."

"என்னது?"

"நம்ம மார்க்கெட்டுல சும்மா நிறுத்துப் போட்டா மரியாதையா? ஒரு பிடி மேல போடணும். கொஞ்சமா வாங்கினா கொஞ்சம், நெறைய வாங்கினா நெறைய. பிரஷர் பாக்க வர்றவன் பாவம், பயந்துகினு வர்றான். பத்து கொறைச்சுச் சொன்னா சந்தோசமா வீட்டுக்குப் போவான். அதான் குழாயில நம்பர் கோட்டையெல்லாம் ஒரு நூல் தள்ளித் தள்ளி போட்டேன்."

"சந்தோஷமா போவான். போய் வீட்ல விழுவான்" என்றார் ஆரோக்கியமேரி. "நோய் அதிகமா இருக்கறவனுக்குத்தான் உங்க கொசுறும் அதிகமாப் போகுது. யார் படுத்துக் கிடக்கணுமோ அவனை எழுப்பி நடக்க விடுவீங்க."

பாஷா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நல்ல மனசுக்கு இப்படி ஒரு பதிலா என்று அவருக்கு வருத்தம். இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பார். ஆனால் அதற்குள் கோதண்டபாணி குறுக்கே பாய்ந்தார். பிரஷர் என்றால் பரீட்சை மார்க் மாதிரி, எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பது அவர் நினைப்பு.

"இன்னா பாய் இது! அந்த மிஷின் எனக்கு நூத்தி அறுவது குடுத்துகீது, உன்னுது நூத்தி அம்பத்திரண்டு! என் எட்டு எங்கய்யா? பாத்தா பெரிய மனுசன் கணக்கா கோட்டு தொப்பி போட்டுகினு கீற, எடையில கை வெக்கிறியே!"

பாஷாவின் முகம் செத்துப்போனது. முப்பது வருஷ மார்க்கெட்டில் எதிரிகூட அவரைப் பார்த்துச் சொல்லாத வார்த்தை அது. மிஷினைத் தூக்கிக்கொண்டு, வண்டிகூடப் பிடிக்காமல் அடையாறு பாலம் தாண்டி நடந்தே வீட்டுக்கு வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றாள் கைசர் ஜஹான்.

"எடை கொறைக்கறேன்னு சொல்லிட்டான் ஒருத்தன்."

கைசர் ஜஹானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தலையில் போட்ட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "கொசுறு குடுத்துத் திருடன் பேர் வாங்கின ஒரே ஆள் நீங்கதான். போங்க, குழாய்க் கோட்டை ஒழுங்கா போடுங்க. சாட்டினுக்காவது மரியாதை வேணாமா?"

சரியான கோடு எது என்று அவருக்குத் தெரியாமலா? முதலில் சரியாகத்தான் போட்டார், அப்புறம்தான் மனசு கேட்கவில்லை. மூன்று நாளில் எல்லாக் கோட்டையும் புதிதாகப் போட்டு முடித்தார்.

மறுபடி அடையாறுக்குப் போன அன்று பிறைக்கு இரண்டே நாள் இருந்தது. வலியுல்லாவும் கூட வந்தார். கையில் ஒரு பழைய லுங்கி.

"இது எதுக்கு மச்சான்?"

"இங்கேருந்து நேரா கடைக்குத்தானே போவப் போற? கோட்டுல வாடை ஏறிடும். அதான் கொண்ணாந்தேன்."

ஒன்பது கை முடிந்தது. ஒன்று இரண்டுக்கு மேல் வித்தியாசம் இல்லை. கோதண்டபாணி இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்து, "இப்ப சரி பாய், நியாயஸ்தன்" என்று சர்டிபிகேட் கொடுத்தார். பத்தாவது கை சுப்பம்மாவுடையது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற நோயாளியை மிஷினுக்காக எழுப்புகிற வழக்கம் ஆரோக்கியமேரிக்குக் கிடையாது. சுற்றும் முற்றும் பார்த்தார்.

"லுங்கி வெச்சிருக்கறவரே, வந்து உட்காருங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நான் கல்லு மாதிரி கீறேன்."

"கல்லுக்கும் பார்க்கலாம். கையை நீட்டுங்க."

வலியுல்லா கையை நீட்டினார். பச்சை சாட்டின் பட்டி உப்பியது. பாதரசம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. காற்றை இறக்கி முதல் சத்தம் கேட்டபோது சீமை மிஷின் இருநூற்றுப்பத்து. பாஷா மிஷின் இருநூற்றுப்பத்து.

"அடேங்கப்பா, பஸ்ட் கிளாஸ்!" என்று கோதண்டபாணி கைதட்டினார்.

டாக்டர் கருணாகரன் தாமே வந்து இன்னொரு தரம் பார்த்தார். ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, உப்புக் கூடாது, கருவாட்டை நினைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். வலியுல்லா, சுப்பம்மாவுக்கு இரண்டு கட்டில் தள்ளிப் படுக்க வைக்கப்பட்டார். பாஷாவின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், ஒன் மிஷின்தானே? ஒரு பத்து கொறைச்சுக்கயேன்."

"கொசுறு நிறுத்திட்டேன் மச்சான்."

டாக்டர் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பாஷா அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்து, நாலாய் மடித்து, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது ஆரோக்கியமேரி அவரிடம் லுங்கியை நீட்டினார்.

"இதை மறந்துட்டீங்க."

வீட்டில் கைசர் ஜஹான் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அண்ணன் ஒரு மாசம் படுத்துட்டா கடையை யார் பாக்கறது?"

பாஷா கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் கருவாட்டுக் கடையின் நடுவே, பழைய லுங்கியில், மூக்கைச் சுற்றிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு பாஷா உட்கார்ந்திருந்தார். முதல் போணிக்கு வந்தவள் அரை வீசை நெத்திலி கேட்டாள். நிறுத்தார். முள் நேராக நின்றது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே இன்னும் ஒரு பிடி அள்ளி மேலே போட்டார். அங்கே கொசுறுக்குத் தடையில்லை.