ஆட்டோடு கிளம்பிப் போன இயந்திரம்

மல்லேஸ்வரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், தட்டு இட்லியைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும்போதுதான் எனக்கு அது தோன்றியது. நிஜமாகவே ஓடினேன். டெம்போவில் கடை போட்டிருந்தவர், மாநகராட்சி வண்டி தூரத்தில் திரும்புவதைப் பார்த்ததும் அடுப்பை அணைத்து, பக்கக் கதவைப் பாதி இறக்கி, டெம்போவைக் கிளப்பிவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் எல்லாரும் தட்டும் கையுமாகப் பின்னால் போனோம். அடுத்த கிராஸில், ஒரு மரத்தடியில் நிறுத்திக் கதவைத் தூக்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி, "யாருக்கு சட்னி?" என்றார்.

எல்லாரும் சட்னி வாங்கினார்கள். நான் அப்படியே நின்றேன். இட்லி இப்படிப் போகலாம் என்றால் கம்பளி ஏன் போகக் கூடாது?

கம்பளி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் இயந்திரங்களை வடிவமைக்கிறேன். அந்தச் சமயத்தில் மாநிலத்தின் வட பகுதியிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்திருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் மட்டுமே வாழ்கிற, பஸ்கூட யோசித்து யோசித்துப் போகிற வறண்ட தாலுகாக்களில் சிறுதொழில் தொடங்க அரசு மானியம் கொடுக்கிறது. அதில் ஒரு பெண்கள் குழு, செம்மறி ரோமத்தைச் சிக்கெடுத்து நீவும் இயந்திரம் கேட்டிருந்தது. வெட்டிய ரோமத்தை அப்படியே விற்றால், வியாபாரி மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்த விலையைச் சொல்வார். நீவிச் சுருட்டிக் கொடுத்தால் கம்பளம் செய்கிறவர்களிடமே நேராக விற்கலாம்.

குழுவின் தலைவி இயந்திரத்தைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தார். முப்பதுகளில் இருக்கிற, பேச்சில் யாரையும் விடாத ஆள். நான் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கன்னடத்தில் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு, தங்கி. தீபாவளி முடிஞ்சா நாங்க ஆட்டோட கிளம்பிடுவோம். மழைக்குத்தான் திரும்புவோம். ரோமம் வெட்டுறதே பாதி வழியிலதான். ஊர்ல இது யாருக்காக ஓடும், பூனைக்கா?"

தங்கி என்றால் தங்கச்சி. நான் அவரை அக்கா என்றேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு மொழியிலும் வேலை உண்டு.

அந்தப் பூனைதான் பல நாளாக என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டு இட்லியோடு ஓடிய மறுநாள் காலை, பட்டறை முதலாளியிடம் போய், இட்லி டெம்போ கதையைச் சொல்லி, இயந்திரத்தைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிடலாம், ஆட்டோடு அதுவும் போகட்டும் என்றேன்.

"அப்படியே ஒரு பக்கம் இட்லியும் ஊத்திடலாமா?" என்றார்.

ஆனால் படம் போட விட்டார். போட்டேன். தொழில் துறை அலுவலகத்தில் அதைப் பார்த்த அதிகாரி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சக்கரம் இருந்தா அது வாகனம். இந்தத் திட்டத்துல வாகனத்துக்கு மானியம் கிடையாது." வெளியே வந்து டீ குடித்தேன். திரும்பவும் உள்ளே போனேன். வண்டி அவர்களுடையது, இயந்திரம் தனி, நாலு போல்ட்டைக் கழற்றினால் தரையில் இறங்கிவிடும், எங்கே இறக்கினாலும் ஓடும் என்றேன். அவர் யோசித்தார். சரி, அவர்கள் வழியில் இருக்கும்போதே நேரில் வந்து பார்ப்பேன், இயந்திரம் ஓட வேண்டும், குழுவின் பெயர்ப் பலகை போட்டோவில் தெரிய வேண்டும் என்றார்.

முதலாளி தன் பங்குக்கு ஒன்று சொன்னார். "பார்க்க வந்து இல்லேன்னு எழுதிட்டாங்கன்னா, மெஷின் திரும்பி வந்துடணும்மா. நான் தர்மசத்திரம் நடத்தலை."

அதில் நியாயம் இருந்தது. அக்காவிடமும் அதை மறைக்காமல் சொன்னேன். "தெரியும்" என்று மட்டும் சொன்னார். இயந்திரம் அவர்களோடு கிளம்பிப் போன பிறகு அவ்வப்போது போன் பண்ணி, எப்படி ஓடுகிறது என்று கேட்பேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "நல்லா ஓடுது." அவ்வளவு பேசுகிற மனுஷி இந்த ஒரு விஷயத்தில் இப்படிச் சுருக்கியது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதிகாரி கிளம்பும் நாளுக்கு முன்பே, ஆடுகள் இருக்கும் இடத்தை அக்காவிடம் கேட்டு வாங்கி, வரைபடத்தில் குறித்து அவருக்கு அனுப்பிவிட்டேன். அன்று காலை நான் நகரத்துக்குள் ஒரு வேலையை முடித்துவிட்டு, பட்டறைக்குப் போக மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ஏன்மா, நீங்க அனுப்பின இடத்துல நிக்கிறேன். இங்க இயந்திரம் இல்லை. ஆடு இல்லை. மனுஷன் இல்லை. புழுக்கை மட்டும் நிறைய இருக்கு. அதைப் போட்டோ எடுத்துக்கட்டுமா?"

சம்பிகே ரோடு ஸ்டேஷனில் குதித்து இறங்கி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அக்காவை அழைத்தேன்.

"வந்துட்டாரா? நாங்க நேத்து சாயங்காலமே மாறிட்டோமே" என்றார் சாவகாசமாக. நடந்தது இதுதான். ராத்திரி ஆடுகளைத் தன் வயலில் அடைத்தால் நிலத்துக்கு எரு கிடைக்கும் என்று விவசாயிகள் கிடை போடக் கூப்பிடுவார்கள். ஒருவர் வயல் முடிந்தால் அடுத்தவர் வயல். அடுத்தவர் கூப்பிட்டிருக்கிறார், போய்விட்டார்கள். இயந்திரமும் கூடவே போய்விட்டது. போகட்டும் என்றுதானே அதைச் செய்தேன்! அப்படிச் செய்துவிட்டு, அது நிற்கிற இடம் என்று ஒரு புள்ளியை வைத்தவளும் நான்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா!"

"எதைச் சொல்றது? நாங்க மாறிக்கிட்டேதான் இருப்போம். ஒவ்வொரு தடவையும் உனக்கு போன் பண்ணி, கிளம்பிட்டோம், கிளம்பிட்டோம்னு சொல்லணுமா? நீ என்ன என் மாமியாரா?"

அக்காவிடம் வழி கேட்டு, அதிகாரியை அழைத்துச் சொல்லி, அவர் கேட்டதைத் திரும்ப அக்காவிடம் கேட்டு என்று அல்லாடினேன். பிறகுதான் புத்தி வந்து, இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் இணைத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

"கால்வாயைத் தாண்டி அனுமார் கோயில் வரும் சார், அங்க திரும்புங்க."

"இங்க மூணு அனுமார் கோயில் இருக்கும்மா."

"சுண்ணாம்பு அடிக்காத அனுமார்."

கொஞ்ச நேரம் ஜீப் குலுங்கும் சத்தம். பிறகு அதிகாரி, "எதுவுமே தெரியலையே" என்றார்.

"ஹாரன் அடிங்க."

அடித்தார்.

"கேக்குது, கேக்குது. வலது பக்கம் வாங்க. இன்னும் அடிங்க. ஐயோ, போதும் சார், நிறுத்துங்க! ஆடு மிரளுது!"

போனுக்குள் ஒரே ஆட்டுக் கத்தல். அதற்கு நடுவே, மெல்லியதாக, ஒரு தடதடப்பு. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். ஓடுகிறது. அதிகாரி வரும்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"சரி" என்றது அதிகாரியின் குரல். "பெயர்ப் பலகை எங்கே?"

அக்கா, கொஞ்சம் இறங்கிய குரலில், "குட்டிங்களுக்கு வெச்சிருக்கு" என்றார்.

பிறந்த குட்டிகளைத் தனியாக அடைக்கும் சின்னப் பட்டிக்கு, காற்றடிக்கிற பக்கம் அந்தத் தகரப் பலகையைத்தான் நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். எழுத்து உள்பக்கம். அரசின் உதவி பெறும் குழு என்பதைக் குட்டிகள் மட்டும் படித்துக்கொண்டிருந்திருக்கின்றன.

"அதை எடுத்து இங்க வைங்க."

"எடுத்தா குட்டியெல்லாம் ஓடிடும் சார்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இயந்திரம் லாரியில் பீன்யாவுக்குத் திரும்பி வருவது தெரிந்தது. அப்போது போனில் ஒரு சிரிப்பு. அதிகாரிதான். "சரி, ஆளுக்கு ஒண்ணாப் பிடிங்க. எங்கிட்டயும் ஒண்ணு குடுங்க" என்றார். பிற்பாடு அந்தப் போட்டோ எனக்கு வந்தது. ஓடுகிற இயந்திரம், பக்கத்தில் மண் ஒட்டிய பலகை, ஓரத்தில் அரசாங்கச் சட்டைக் கை ஒன்று, அதற்குள் இரண்டு காதுகள்.

ஜீப் ஏறும் முன் அவர் என்னோடு பேசினார். இடம் மாறியது என் தவறு என்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"இருங்கம்மா. நீங்க சொன்ன இடத்துலயே இது துடைச்சு வெச்ச மாதிரி நின்னிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். எனக்காக ஒரு நாளைக்கு இறக்கி வெச்சிருக்காங்கன்னு நினைச்சிருப்பேன். அந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கேன் தெரியுமா? இது வேலை செய்யுது. முகவரிக்கு மழைக்காலத்து ஊர் வீட்டைப் போட்டுக்கறேன்."

எத்தனை ரயில்கள் போயின என்று தெரியவில்லை. மெட்ரோ காவலர் வந்து, "மேடம், ஒண்ணு ஏறுங்க, இல்லேன்னா வெளியே போங்க" என்றார். அவருக்கு நன்றி சொன்னேன், எதற்கென்று அவருக்கும் புரியவில்லை. பட்டறைக்குப் போகாமல் ஸ்ரீராம்புரத்துக்கு நடந்தே வீடு திரும்பினேன். அந்த வேளையில் என்னைப் பார்த்ததும் அம்மா, "வேலை போச்சா?" என்றாள். இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு இந்தச் சிரிப்பு?" என்று சந்தேகத்தோடு சோறு போட்டாள்.

மானிய உத்தரவு பிறகு வந்தது. முதலாளி அதைப் படித்துவிட்டு, "ம், பொழச்சுது" என்றார். நான் உடனே அக்காவை அழைத்தேன்.

"அப்போ இனிமே இது எங்ககிட்டயேதான்?"

"ஆமா, அக்கா."

"யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அப்படின்னா இப்ப சொல்றேன், கேளு" என்று ஆரம்பித்தார். தூசி தாங்க முடியவில்லை. ரோமத்திலிருந்து பறக்கிற மண் மூக்கிலும் கண்ணிலும். முந்தானையை எத்தனை தடவை கட்டினாலும் போதவில்லை, நாத்தனாருக்கு இருமல். கைப்பிடி உயரம், எட்டவில்லை. "இதைச் செஞ்சவ ஒட்டகமா?" இத்தனை நாள் அந்த 'நல்லா ஓடுது'வுக்குப் பின்னால் இவ்வளவும் இருந்திருக்கிறது. ஒரு குறை சொன்னாலும் அதைச் சாக்காக வைத்து எடுத்துப் போய்விடுவார்களோ என்று வாயைக் கட்டியிருந்திருக்கிறார். திட்டத் திட்ட எனக்கு உடம்பு லேசாகிக்கொண்டே போனது. சொந்தச் சாமானைத்தான் இப்படித் திட்ட முடியும்.

கைப்பிடியைத் தாழ்த்துவது அரை நாள் வேலை. தூசிதான் சவால். எங்கள் சந்தில் ஆட்டோவுக்கு சீட் உறை தைப்பவரிடம், கெட்டித் துணியில் நீளமாக ஒரு பை கேட்டிருக்கிறேன். ஒரு முனையில் தூசியை உள்ளே இழுக்கச் சின்ன விசிறி, மறுமுனையில் கட்டிவிடக் கயிறு. அக்கா ஒரு மூட்டை அழுக்கு ரோமத்தைப் பஸ்ஸில் போட்டு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. ரோமத்தைக் கையால் உதறிக்கொண்டே, பையை மாட்டி விசிறியை ஓட்டிப் பார்க்கப் போகிறேன். கிழிந்தால், இரட்டைத் துணியில் இன்னொன்று.