கதிரைக்காலில் கட்டிய கயிறு

என் வீட்டுக்காரர் மரியநேசனைப் படைத்தபோது கடவுள் பயத்தை வைக்க மறந்துவிட்டார். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பயமில்லாத மனுசனோடு குடும்பம் நடத்தியவளுக்குத்தான் அதன் பாடு தெரியும். இரண்டு பேருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பயப்பட வேண்டியிருந்தது.

அவர் முள்ளிவாய்க்காலில் பிறந்தவர். மீசை முளைக்க முன்னமே தகப்பனோடு கடலுக்குப் போனவர். எங்களுக்குக் கலியாணமான பிறகு ஒருநாள் கடற்படை சுட்டு வள்ளம் தண்ணீருக்குள் தாண்டுபோனது. இவர் நீந்திக் கரைசேர்ந்து, ஈர உடுப்போடு குசினி வாசலில் வந்து நின்று, சோறு இருக்கிறதா என்று கேட்டார். நான் அன்று முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டார்.

கடல் அவரிடமிருந்து வேறொன்றையும் எடுத்திருந்தது. இத்தனை வருடம் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததில் காது அரைவாசி போய்விட்டது. கிட்ட நின்று உரக்கக் கதைத்தால் விளங்கும். தூரத்துச் சத்தம் எதுவும் விழாது. வன்னியில் அந்தக் காலத்தில் உயிரோடு இருப்பதற்குத் தூரத்துச் சத்தம்தான் தேவை. குண்டு போடும் கிபிர் விமானம் வந்தால் முதலில் வானத்தின் ஓரத்தில் ஒரு உறுமல் கேட்கும். அது கேட்டதும் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் விழுந்தவன் பிழைப்பான், கேட்காதவன் பாடு சொல்லத் தேவையில்லை.

வள்ளம் போன பிறகு தர்மபுரத்துக்கு வந்தோம். அங்கே பரமேஸ்வரன் மாஸ்டர் ஒரு ஓலைக்கொட்டிலில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினார். வகுப்பில் இரண்டு கொம்பியூட்டர், அதில் ஒன்று வேலை செய்யும். ஊரில் கரண்ட் இல்லை. ஜெனரேற்றரை ஓட்டவும் திருத்தவும் ஆள் வேண்டும் என்று மாஸ்டர் தேடிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயில் ஓடும் எந்த எஞ்சினும் இவருடைய கைக்கு அடங்கும். வேலை கிடைத்தது.

பின்னேரம் பிள்ளைகள் போன பிறகும் ஜெனரேற்றர் ஓடும். சனங்கள் ரேடியோவுக்கும் லைற்றுக்கும் கொண்டுவந்து வைத்த பற்றறிகளுக்குச் சார்ஜ் ஏற வேண்டும். கரண்ட் ஓடும்போது ஒரு மெசின் சும்மா இருப்பதை இவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மாஸ்டர் இரக்கப்பட்டு ஒரு சீடியைப் போட்டுக் கொடுத்தார். விண்வெளியில் கலம் ஓட்டும் விளையாட்டு அது. இரண்டாயிரத்தோராம் ஆண்டு. கொஞ்ச நாள் ஓய்ந்திருந்த கிபிர்கள் திரும்பவும் வரத் தொடங்கியிருந்தன.

விளையாட்டு இவ்வளவுதான்: பூமிக்கு மேலே ஒரு நிலையம் சுற்றிக்கொண்டிருக்கும். நாங்கள் ஓட்டும் கலத்தைப் பின்னால் கொண்டுபோய், அதன் மூக்கை நிலையத்தின் வாய்க்கு நேரே பிடித்து, மெல்ல அணைக்க வேண்டும். கடலில் வள்ளத்தோடு வள்ளம் அணைப்பதில் இவரை வெல்ல ஆளில்லை. இதென்ன பெரிய காரியம் என்று இருந்தார். முதல் நாளே போய் நிலையத்தில் இடித்தார். அடுத்த நாளும் இடித்தார். அந்தக் கிழமை முழுக்க இடித்தார்.

கோளாறு என்னவென்று மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். இவர் நிலையத்தை நோக்கிக் கலத்தை ஒரு உந்து உந்திவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். வன்னியில் எண்ணெய் தட்டுப்பாட்டில் வள்ளம் ஓட்டியவர்களின் பழக்கம் அது. கரை தெரிந்தவுடன் எஞ்சினை நிற்பாட்டுவார்கள், மிச்சத்தை வள்ளம் தானாக ஓடும், தண்ணீர் அதைப் பிடித்து நிறுத்தும், ஒரு போத்தல் மண்ணெண்ணெய் மிஞ்சும். விண்வெளியில் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. போகச் செலவழித்த அளவு எண்ணெயை நிற்கவும் செலவழிக்க வேண்டும்.

இதைக் கேட்டு இவர் இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார். நிற்பதற்கு எண்ணெயா? அது பொய் எண்ணெய், கொம்பியூட்டருக்குள் இருக்கிற எண்ணெய், எவ்வளவும் எரிக்கலாம் என்று நான் சொன்னேன். எண்ணெய் எண்ணெய்தான் என்றார். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு பழகினார். தூரத்திலேயே எதிர்ப்பக்கம் எண்ணெயைக் கொஞ்சம் ஊதி, வேகத்தைக் குறைத்து, இன்னும் கொஞ்சம் ஊதி, நத்தை வேகத்தில் கிட்டப் போகக் கற்றுக்கொண்டார். மோதல் நின்றது. ஆனால் முன்பு ஐந்து நிமிடத்தில் இடித்துவிட்டு எழும்புகிறவர், இப்போது மணிக்கணக்காகக் கதிரையில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. ஜெனரேற்றர் கொட்டிலின் சுவரோடு நின்று அலறும். அந்தச் சத்தத்துக்குள் நல்ல காதுள்ளவனுக்கே கிபிர் கேட்காது. இவரோ செவிடு. வேண்டாம், வீட்டுக்கு வாங்கோ என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அழுதும் பார்த்தேன். "நீ வெளியில நிண்டு கேள். கேட்டாச் சொல்லு" என்றார், ஏதோ கடைக்குப் போய் சீனி வாங்கி வா என்பதுபோல.

அதனால் நானே ஒரு வழி செய்தேன். மிஞ்சிக் கிடந்த வலைக்கயிறு ஒன்றை அவருடைய கதிரைக்காலில் கட்டி, வாசலால் வெளியே எடுத்து, சத்தம் குறைந்த இடத்தில் நின்ற வேப்பமரம் வரை கொண்டுபோனேன். பின்னேரம் முழுக்க அந்த நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பேன். உறுமல் கேட்டால் இழுப்பேன், கதிரை ஆடும், அவர் எழும்பி ஓடிவருவார். எங்கள் மகள் கம்சாவைக் கொட்டிலுக்குப் பக்கத்து வீட்டுப் பத்மாசனி அக்காவிடம் விட்டிருப்பேன். அவர்களுடைய பங்கர்தான் எங்களுக்கும்.

அங்கே நின்ற நேரம் என் வாழ்க்கையில் பொல்லாத நேரம். செபமாலைகூடச் சொல்ல முடியாது, வாய் அசைந்தால் காது மங்கிவிடும். காற்று பனையோலையில் உரசினாலும் கயிற்றை இறுக்கிப் பிடிப்பேன். உழவு மெசின் ஒன்று தூரத்தில் வந்தது, இழுத்தேன். இடி முழங்கியது, இழுத்தேன். இன்னொரு நாள் எதற்கு இழுத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் அவர் ஓடிவந்து பங்கருக்குள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது கலம் நிலையத்தில் இடித்துச் சிதறிக் கிடக்கும். மூன்றாம் முறை, வாய்க்கு நேரே மூக்கு வந்திருந்ததாம், இன்னும் ஒரு முழந்தானாம். "அருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

அடுத்த நாள் பின்னேரம் உண்மையாகவே வந்தது.

அந்த உறுமலை நான் பிழையாக எடுக்கவில்லை. உள்ளங்காலுக்குள்ளால் ஏறி வந்தது. கயிற்றை இழுத்தேன். எப்போதும் மறுமுனையில் ஒரு பாரம் இருக்கும், ஒரு மனுசனின் பாரம். அன்று கயிறு லேசாக வந்தது. கொட்டில் வாசலில் ஒரு வெறும் கதிரை இழுபட்டு வந்து கவிழ்ந்தது. பழுதான கொம்பியூட்டருக்கு முன்னால் கிடந்த கதிரை அது. எனக்குச் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்து அதன் காலில் கட்டியிருக்கிறார்.

பங்கர் எனக்கு வலதுபக்கம் இருந்தது, கம்சா அதற்குள் இருந்தாள். நான் இடதுபக்கம் ஓடினேன். உள்ளே அவர் திரைக்குள் மூக்கை வைத்துக்கொண்டிருந்தார். தோளில் பிடித்து இழுத்தேன். திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி, "பொறு, யூலி" என்றார். அந்தச் சொல் முடியவில்லை. நிலம் எழும்பி விழுந்தது. ஓலை, தூசி, பற்றறிகள் எல்லாம் எங்கள்மேல் கொட்டின. அவரை மேசைக்குக் கீழே தள்ளி அவர்மேல் நான் கிடந்தேன். இரண்டாவது குண்டு இன்னும் கிட்ட விழுந்தது. ஜெனரேற்றர் விக்கி நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியைப்போல ஒரு பயங்கரத்தை நான் அறிந்ததில்லை.

குண்டுகள் வயலுக்குள்தான் விழுந்திருந்தன. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. தூசி அடங்கியதும் அவர் கேட்டார், "கம்சா எங்க?"

"பங்கருக்கை."

"நீ ஏன் அங்க போகேல்லை?"

"கதிரை வெறுமனே வந்துது. நான் எங்க போறது?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு விழுந்தபோது நடுங்காத கை அப்போது நடுங்கத் தொடங்கியது. கம்சாவைத் தூக்கியபோதும் நடுங்கியது, சோற்றுக்கோப்பையைப் பிடித்தபோதும் நடுங்கியது.

இவருக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடு மாதாவே என்று எத்தனையோ நாள் மன்றாடியிருக்கிறேன். மாதா குறைவில்லாமல் கொடுத்துவிட்டாள். படுக்கையில் என்னைத் தட்டி எழுப்பி, சத்தம் கேட்கிறதா என்று கேட்பார். கிணற்றடியில் கேட்பார். கோயிலில் சுவாமியார் பிரசங்கம் வைக்கும்போதும் கேட்பார். தன்னுடைய காதை நம்ப முடியாததால் எந்நேரமும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் புருவம் சற்றுச் சுருங்கினால் போதும், கம்சாவை அள்ளிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்துவிடுவார். அடுப்புப் புகைக்குக்கூடக் கண்ணைச் சுருக்க எனக்கு வழியில்லாமல் போனது.

பரமேஸ்வரன் மாஸ்டர் ஓலையை வேய்ந்து, ஜெனரேற்றரைத் திருத்தித் தரும்படி வந்து கேட்டார். இவர் மாட்டேன் என்றார். நான்தான் போகச் சொன்னேன். வீட்டில் கிடந்து நடுங்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் வருகிறேன் என்றார். வெளியில் கேட்க மாஸ்டர் நின்றார். நான் உள்ளே, பழுதான கொம்பியூட்டரின் கதிரையை இழுத்து அவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஜெனரேற்றர் ஓடத் தொடங்கியதும், குண்டுக்குத் தப்பிய கொம்பியூட்டரில் விளையாட்டைத் திரும்ப எடுத்தார். பழகின விரல்கள் தாமாக வேலை செய்தன. எதிர்ப்பக்கம் கொஞ்சம் ஊதினார், இன்னும் கொஞ்சம் ஊதினார். எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நிலையத்தின் வாய் திரை முழுக்க விரிந்து வந்தது. கலத்தின் மூக்கு அதற்குள் நேராகப் போய், ஒரு அசைவும் இல்லாமல், ஒட்டிக்கொண்டது. இத்தனை மாதம் அவர் ஏங்கின காரியம் அது. திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைஞ்சிட்டுது" என்று அவருடைய காதுக்குள் கத்தினேன்.

"சத்தம் ஏதும் கேக்குதோ?" என்றார்.

சுவருக்கு அந்தப்பக்கம் ஜெனரேற்றர் அலறிக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்தால் எனக்கும் அவரைப்போலத்தான், வானம் இடிந்து விழுந்தாலும் கேட்காது. நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சிரித்தேன்.

"ஒண்டுமில்லை. நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்" என்றேன்.