அரிசிமா தூவும் கழகம்

சுவிஸில் எங்கள் ஊரான ஷ்லீரனில் கோடை தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை குரும்பெல் டூர்னியர் என்ற உதைபந்துப் போட்டி நடக்கும். பதிவு பெற்ற கழகமாக இருக்க வேண்டியதில்லை, பயிற்சியும் தேவையில்லை. ஆறு பேரும் ஒரு பெயரும் இருந்தால் அணி. தீயணைப்புப் படையினர் ஒரு அணி, வங்கிக்காரர் ஒரு அணி, எங்கள் தமிழ்ப் பொடியன்கள் இரண்டு அணி. ஒரே அணியாக வந்தால் யார் கப்டன் என்ற சண்டையிலேயே கோடை முடிந்துவிடும். நான் அந்த இரண்டிலும் இல்லை. பிரேசில்காரருக்குக் கோல் காக்கிறேன்.

"ஏன்ரா, எங்கட ஆக்களுக்கு நிண்டா உன்ர கை கழண்டு விழுந்திடுமோ?" என்று பொடியன்கள் கேட்பார்கள்.

எல்லாம் அம்மாவால் வந்தது. அம்மா ஒரு சலவைச்சாலையில் வேலை செய்கிறார். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கே மலைபோல வரும். நீளமான விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அம்மா ஒரு முனை, பிரேசில் அன்ரி மறுமுனை. இருவருக்கும் பொதுவான மொழி, அந்த இயந்திரச் சத்தத்துக்குள் கற்றுக்கொண்ட ஜெர்மன் மட்டும்தான். அதில் இலக்கணம் குறைவு. ஆனால் கணவன்மாரைக் குறை சொல்லவும் பிள்ளைகளைப் பற்றிப் பெருமையடிக்கவும் அது தாராளமாகப் போதும். அப்படி ஒரு பெருமைப் பேச்சில்தான், தன் மகன் நல்ல கோலி என்று அம்மா சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூட அணியில் மாற்றுக் கோலியாக மைதானத்து ஓர வாங்கில் குந்தியிருந்தவன். அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அன்ரிக்கு முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் என்னை விடவில்லை.

அன்ரியின் அணி, ரியோ நகரத்துப் பழைய கழகம் ஒன்றின் ரசிகர்கள் சேர்ந்து அமைத்தது. கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எதிர்க்கழகத்துப் பிரேசில்காரர் என்னைத் தெருவில் மறிப்பார்கள். அன்ரி அந்தக் கழகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சொந்தக்காரரின் கலியாண வீட்டுக் கதை மாதிரி இருக்கும். தொடங்கியவர்களில் ஒருவர் சுவிஸில் படித்துவிட்டு ஊர் திரும்பியவராம். "பந்தை இங்கயிருந்துதான் கொண்டுபோனது. நாங்கள் அதை எப்பிடி விளையாடுறதெண்டு பழகிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறம். ஒருத்தரும் நன்றி சொல்லேல்லை," என்பார். (அவர் சொல்வது சலவைச்சாலை ஜெர்மனில். எனக்கு அது எங்கள் வீட்டுப் பேச்சாகத்தான் காதில் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.) முதலில் சட்டை சாம்பலும் வெள்ளையுமாக இருந்ததாம். அந்தத் துணி கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் அரக்குச் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று மாற்றினார்களாம். "கடையில துணி இல்லாததால வந்த நிறம். அதுக்குத்தான் நான் வருசா வருசம் அழுறன்," என்று சொல்லிச் சிரிப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே பவுடர். அந்தக் கழகம் மைதானத்துக்குள் வரும்போது ரசிகர்கள் வெள்ளைத் தூளை அள்ளி எறிவார்கள். விளையாட்டரங்கு முழுக்கப் பனிமூட்டம் மாதிரி இருக்குமாம். அன்ரிக்கு அது சாமி புறப்படுகிற நேரத்து மேளம் மாதிரி. அது இல்லாமல் எதுவும் தொடங்காது. போன வருடம் எங்களுடைய ஆறு பேருக்கும் குழந்தைப் பவுடர் டப்பாக்களைத் தந்து எறியவைத்தார். செயற்கைப் புல் சவர்க்காரம் பூசினது போலாகி, வங்கிக்காரர் மூன்று பேர் சறுக்கி விழுந்தார்கள். மைதானப் பொறுப்பாளர், இனிப் பவுடர் பறந்தால் அணியும் பறக்கும் என்று சொல்லிவிட்டார்.

ஆனால் அன்ரியின் உண்மையான கவலை மைதானப் பொறுப்பாளர் இல்லை, தன் மகள்.

மகள் என்னைவிடச் சில வயது இளையவள். பாடனில் ஒரு பெண்கள் அணியின் முன்வரிசையில் விளையாடுகிறாள். எங்கள் ஆறு பேரையும் கூட்டிப் பிசைந்தாலும் அவளுடைய இடது காலுக்கு ஈடாகாது. அவள் ஒருநாளும் தாயின் அணிக்கு விளையாடியதில்லை. முதுகில் அவளுடைய பெயர் பதித்த சட்டை ஒன்று அலுமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இந்த இலையுதிர் காலத்தில் அவள் படிக்க ஜெனீவாவுக்குப் போகிறாள். அதற்கு முன்னர் ஒரேயொரு தரம் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் மைதானத்துக்குள் வருவதைப் பார்க்க வேண்டும். அன்ரிக்கு அதற்கு மேல் எந்த ஆசையும் இருக்கவில்லை. மகளோ, அந்தப் பவுடருக்குக் கீழே தான் நடக்கமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள்.

"நீ படிச்சனி," என்றார் அன்ரி என்னிடம். "அந்தப் பவுடரின்ர உண்மைக் கதையைத் தேடி எடுத்து அவளுக்கு விளங்கப்படுத்து."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான்தான். அதனால் வரி, காப்புறுதி, பல்வலி என்று எது வந்தாலும் என்னிடம்தான் வரும். இப்போது நூறு வருடத்துக்கு முந்திய பிரேசில் கதையும் வந்து சேர்ந்தது. நான் அதை மிகவும் பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். போர்த்துக்கீச மொழியில் உள்ளவற்றைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்தேன். கிடைத்தது இதுதான். பணக்கார வெள்ளையரின் கழகமாக இருந்த அதில் கறுப்பு வழி வந்த ஒருவர் விளையாட வந்தார். அவர் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு இறங்கினார். அந்தக் காலத்தில் முகப்பவுடர் அரிசியிலிருந்துதான் செய்வார்கள். வியர்வையில் அது வழிந்ததும், எதிரணி ரசிகர்கள் "அரிசிமா! அரிசிமா!" என்று கத்தினார்கள். பிறகு கழகத்து ரசிகர்கள் அந்த நக்கலையே எடுத்துத் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். தோலை மறைக்கத்தான் பூசினார் என்று சிலர் எழுதியிருந்தார்கள். இல்லை, சவரம் செய்த எரிவுக்குப் பூசினார், முந்திய கழகத்திலும் பூசினவர்தான் என்று வேறு சிலர்.

பாடனிலிருந்து வரும் ரயிலில் அவள் ஏறும் பெட்டி எதுவென்று அன்ரியிடம் கேட்டு வைத்திருந்தேன். நானும் பாடனிலேயே ஏறி, அவளுக்கு எதிர் இருக்கையில் போய் இருந்தேன்.

"அம்மா அனுப்பினவவோ?" என்றாள் அவள், ஜெர்மனில்.

"ஓம். ஆனா நான் வாசிச்சிட்டு வந்திருக்கிறன்."

"அது முகத்திலயே தெரியுது. சொல்லு."

சொன்னேன். டியட்டிக்கோன் ஸ்டேசன் தாண்டும்வரை சொன்னேன். முடிந்ததும் கேட்டாள்: "ஒரு கறுப்பு மனுசன் வெள்ளையரோட நிண்டு விளையாடுறதுக்கு மூஞ்சைய வெள்ளையாக்க வேண்டி வந்தது. நீங்கள் அதைக் கொண்டாடுறியள். என்ர தோலைப் பார். நான் அதுக்குக் கீழ நடக்கோணுமோ?"

"எரிவுக்குப் பூசினவரெண்டும் சொல்லினம். என்ர அம்மாவும் எனக்குப் பூசினவ. வெள்ளையாகிறதுக்கில்லை, முகம் துப்பரவாயிருக்க."

அது உண்மைதான். கிண்டர்கார்டனுக்குப் போகும் நாளிலிருந்து அம்மா என் முகத்தில் பவுடரை அப்பித்தான் அனுப்புவார். வகுப்புப் படங்களில் என் முகம் கழுத்தில் ஒட்டாமல் தனியாக நிற்கும். வகுப்பில் என்னை மா மூட்டை என்று கூப்பிட்டார்கள்.

"நிச்சயமோ? அம்மாவைக் கேட்டனியோ?" என்றாள்.

கேட்டிருக்கவில்லை. நூறு வருடத்துக்கு முந்திய ஆளைப் பற்றி அவ்வளவு வாசித்தவன், அடுப்படியில் நிற்கும் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று பின்னேரம் கேட்டேன்.

"ஏனம்மா எனக்கு அவ்வளவு பவுடர் பூசினனீங்கள்?"

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டு நின்றார். "வெள்ளைப் பிள்ளையளுக்கு நடுவில இருக்கிற பிள்ளை. கொஞ்சம் வெளிச்சமாத் தெரியட்டுமெண்டுதான். ஏன், வடிவாத்தானே இருந்தனி?"

மறைக்க அவருக்கு ஒன்றுமில்லை. அடுத்தநாள் அன்ரியின் மகளுக்குக் கைபேசியில் எழுதினேன்: "கேட்டன். நீ சொன்னதுதான் சரி. என்ர வீட்டிலயாவது." பதிலுக்கு ஒரு சிரிக்கிற முகம் வந்தது. பின்னால் ஒரு வரி: "நேர்மையான கோலி. பாக்க வாறன். விளையாட இல்லை."

அன்ரியிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சொல்லத்தானே வேண்டும், சலவைச்சாலைக்கே போனேன். அவர் விரிப்பின் முனையைக் கையில் வைத்துக்கொண்டு, "பாக்க வாறாளோ? அதுவும் பெரிய காரியம்தான்," என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை. பவுடரையாவது விடக்கூடாது என்று மைதானப் பொறுப்பாளரிடம் போய் நின்றார். நானும் மொழிபெயர்க்கக் கூடப் போனேன். புல்லில் ஒரு துளியும் விழக்கூடாது, உடைமாற்றும் அறையிலிருந்து வரும் பாதையில் மட்டும், அதுவும் குருவி தின்னக்கூடிய சாமானாக இருந்தால் சரி என்றார் அவர்.

"பிறகென்ன, பழைய முறைப்படி அரிசிமாவே எறிவம்!" என்றார் அன்ரி.

"அது எங்கட வீட்டில எப்பவும் இருக்கு," என்றேன் நான்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. "சாப்பாட்டுச் சாமானைத் தெருவில எறியிறதோ? விசரே உங்களுக்கு?"

"உங்கட சிநேகிதிக்குத்தானம்மா."

"அவளுக்கு அறிவில்லை. படிச்ச உனக்குமோ?"

குருவிகள் தின்னும் என்று சொன்ன பிறகுதான் கொஞ்சம் இறங்கினார். "சரி, போன மாசத்து மா கிடக்கு. பழசாப் போச்சு, புட்டுக்குச் சரிவராது," என்று ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, மூடியை ஒட்டுநாடாவால் சுற்றித் தந்தார்.

போட்டி நாள் நல்ல வெயில். பாதையின் இரண்டு பக்கமும் பிரேசில்காரரும், அவர்களின் போர்த்துக்கீசச் சிநேகிதர்களும், வேடிக்கை பார்க்க எங்கள் பொடியன்களும் நின்றார்கள். மகள் காலைப் பயிற்சியிலிருந்து நேரே வந்திருந்தாள். தோளில் பை, கையில் கோப்பி. வேலியில் சாய்ந்துகொண்டு நின்றாள். அன்ரி அவளைப் பார்க்காதது போல நடந்து திரிந்தார்.

அன்ரி டப்பாவைத் திறந்தார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அரிசிமா."

"இது மண்ணிறம்!"

அப்போதுதான் நானும் முதல்தரம் பார்ப்பது போல அதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அரிசிமா என்றால் சிவப்பரிசியை இடித்து வறுத்த மா. புட்டுக்கும் அதுதான், இடியப்பத்துக்கும் அதுதான். அதற்கு ஒரு நிறம் இருக்கிறது என்றே நான் நினைத்ததில்லை. அவ்வளவு வாசித்தும் வெள்ளை அரிசிமா என்று ஒன்று என் தலைக்குள் வரவேயில்லை.

"மடையா, மடையா," என்றார் அன்ரி. அழுகைக்குக் கிட்டப் போய்விட்டார். நடுவர் விசில் ஊதி எங்களைக் கூப்பிட்டார். வேறு மாவுக்கு நேரமில்லை.

"இருக்கிறதை எறியுங்கோவன், அன்ரி!" என்று எங்கள் பொடியன் ஒருவன் பின்னாலிருந்து கத்தினான். "மணம் வீட்டில புட்டவிக்கிற பின்னேரம் மாதிரி இருக்கு!"

அன்ரி மூக்கைச் சுளித்துக்கொண்டு ஒரு பிடி அள்ளி மேலே எறிந்தார். மற்றவர்களும் டப்பாவுக்குள் கையை விட்டு அள்ளி எறிந்தார்கள். காற்று எங்கள் பக்கம் அடித்தது. வறுத்த மா மெல்லிய பழுப்பு மேகமாக எழும்பி, பாதை முழுக்க இறங்கியது. வெள்ளைக்காரர், போர்த்துக்கீசர், பிரேசில்காரர், தமிழர் எல்லாருடைய முகத்திலும் ஒரே நிறம். எட்டிப் பார்க்க வந்த மைதானப் பொறுப்பாளரின் நரைத்த மீசைகூடச் சிவப்பரிசி நிறத்தில் நின்றது. அவர் மீசையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

வேலிப் பக்கம் பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. மகள் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோப்பி முழுக்க நிலத்தில்.

"அம்மா! எல்லாரும் என்ர நிறத்துக்கு வந்திட்டினம்!"

அன்ரி தன் கையைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இதுக்குக் கீழ நடப்பன்," என்றாள் மகள். "சட்டை எங்க?"

சட்டை அன்ரியின் கைப்பைக்குள்தான் இருந்தது. எந்த நம்பிக்கையில் கொண்டுவந்தார் என்று யாரும் கேட்கவில்லை. மகள் பயிற்சிச் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்த பூட்ஸை மாட்டினாள். எங்கள் முன்வரிசைக்காரர் தானாகவே வெளியே போய் ஒரு பியரோடு குந்திவிட்டார். மிஞ்சிய மாவை அன்ரி இரண்டு கையாலும் அள்ளி மகளின் தலைக்கு மேலே எறிந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

முதல் ஆட்டத்தில் வங்கிக்காரருக்கு நான்கு கோல் போட்டாள். இரண்டாவது ஆட்டத்தில் தீயணைப்புப் படைக்கு மூன்று. ஆனால் தீயணைப்புப் படை எனக்கு ஐந்து போட்டது, அதில் ஒன்று என் கால்களுக்கு நடுவால். "வாசிச்ச நேரத்துக்கு ரெண்டு பந்தைப் பிடிச்சுப் பழகியிருக்கலாம்," என்றாள் அவள். அதோடு போட்டியிலிருந்து வெளியேறினோம். அன்ரி தோல்வியைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கோட்டோரமாக ஓடி ஓடி, இந்தப் போட்டியில் இல்லவே இல்லாத ஒஃப்சைட்டுக்காக நடுவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வழக்கம்போல அன்ரி பெரிய துணிப்பையோடு வந்து எங்கள் சட்டைகளைச் சேர்த்தார். தோய்த்து, மடித்து, அடுத்த வருடம்வரை வைத்திருப்பது அவர்தான். ஒவ்வொருவராகக் கழற்றிப் போட்டோம். மகளிடம் வந்து பையை விரித்துப் பிடித்தார். அவள் சட்டையைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இது என்னோட ஜெனீவாவுக்கு வருது," என்றாள்.

அன்ரி விரித்துப் பிடித்த பையின் வாயை மெதுவாக மூடினார்.

"குளிர்தண்ணியில தோய்," என்றார். "சுடுதண்ணி விட்டா மா பசையாகிடும்."