கல்லை நிமிர்த்தி வைத்தவர்

ஓஷ்பெய் என்ற பெயரை முதன்முதலில் கேட்டபோது, அது நாயின் பெயர் என்றுதான் பொலோனா நினைத்தாள். சோல்சாவா கிராமத்துக்கு மேலே இருந்த அந்த மலைப்பண்ணைக்கு மருமகளாக வந்து அவளுக்கு அது முதல் கிறிஸ்துமஸ். மாமியார் அகாட்டா, அக்ரூட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை அறுத்து, ஓரத்துண்டு ஒன்றைத் தனித்தட்டில் வைத்தாள். "இது ஓஷ்பெயோடது. யாரும் தொடாதீங்க" என்றாள். புது மருமகள் அந்தத் தட்டைப் பத்திரமாக எடுத்துப்போய், வாசலில் கிடந்த நாயின் முன்னால் வைத்துவிட்டாள்.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "நாய் பேரு முர்ச்சி. ஓஷ்பெய் எங்க அண்ணன்" என்றான் அவள் கணவன் டீனே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஜெர்மனியில, உல்ம்ல இருக்கான். இனிமே போன் பண்ணும்போதெல்லாம் உன்னைக் கேக்க மாட்டான். ரொட்டி எப்படி இருந்துச்சுன்னு முர்ச்சியைத்தான் கேப்பான்."

பண்ணை மூத்தவனுக்கு என்பதுதான் முறை. ஆனால் அந்தச் சரிவு நிலம் ஒரு குடும்பத்துக்கு மேல் தாங்காது. தம்பி வெளியூர் போனால் அழுதே செத்துவிடுவான் என்று, ஓஷ்பெய்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரித் தொழிற்சாலைக்குப் போனார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அவர் வளர்த்த தேனீக்கள் மட்டும் இங்கேயே நின்றுவிட்டன. கோடையில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை அவற்றைப் பார்க்க வருவார்.

டிசம்பர் வருகை சின்னத் தேனீக்கூட்டங்களுக்காக. தேனீயை உறிஞ்சும் உண்ணி ஏறிய சின்னக் கூட்டம் வசந்தத்தைப் பார்க்காது. ராணி முட்டையை நிறுத்தி, உண்ணி ஒளிந்துகொள்ள அடையின் அறைகளில் புழு ஒன்றும் இல்லாத அந்தக் குளிர்காலத்தில்தான் மருந்து எல்லா உண்ணியையும் எட்டும். அமிலம் கலந்த சர்க்கரைத் தண்ணீரை இளஞ்சூடாக வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் அடைச் சட்டங்களுக்கு நடுவே ஒட்டிக்கிடக்கும் ஈக்களின் மேல் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுவார். கைப்பிடிக் கூட்டத்துக்குக் கொஞ்சம்தான். அதுவும் குளிர்காலத்துக்கு ஒரே முறை. மறுபடி விட்டால் ஈயே மடிந்துபோகும். அதனால் மருந்து விட்டதும் மூடி மேல் படுத்திருக்கும் கல்லை நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். முடிந்தது, வேறு யாரும் தொடவேண்டாம் என்று அர்த்தம்.

"இந்தப் பொடிசுகளைப் பெரிய கூட்டத்தோட சேர்த்துவிட்டா தொல்லை தீர்ந்துது" என்பான் டீனே.

"நீயும் பொறக்கும்போது கையளவுதான்டா இருந்தே" என்பார் ஓஷ்பெய், தலை நிமிராமல். "உன்னை யாரோடயாவது சேர்த்தோமா?"

பொலோனா பக்கத்தில் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அந்த வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

பிப்ரவரியில் வரும் மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் அகாட்டா கண்ணை மூடினாள். வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களுக்குச் சொல்லவேண்டும் என்பது அங்கே வழக்கம். சொல்லாவிட்டால் அவையும் போய்விடும். டீனே பெட்டி பெட்டியாக விரலால் தட்டி, "அம்மா போயிட்டாங்க" என்று சொல்லிவந்தான். வீடு முழுக்க ஜனம். அண்ணனுக்குப் பொலோனா போன் போட்டிருப்பாள் என்று அவன் இருந்தான். அவன் போட்டிருப்பான் என்று அவள் இருந்தாள்.

அடக்கம் எல்லாம் முடிந்து, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஓஷ்பெய் போன் செய்தார். "அம்மாகிட்டக் குடு" என்றார்.

மறுநாளே வந்து சேர்ந்தார். கல்லறையில் நின்றார். பிறகு தேனீப்பெட்டிகள் முன்னால் நின்றார். வீட்டுப்படி ஏறவில்லை. "ஈக்கெல்லாம் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கே. என்கிட்டச் சொல்ல உனக்கு வாய் வரலை" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனவர்தான். டீனேயும் தவறு தன்னுடையது என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வருஷங்கள் போயின. ஓரத்துண்டை இப்போது பொலோனா எடுத்துவைத்தாள். மூன்றாம் நாள் அது காய்ந்து முர்ச்சியின் பேரனுக்குப் போகும். சின்னக் கூட்டங்களின் மருந்தும் அவள் பொறுப்பாயிற்று. அவை அழிந்தால் அவர் திரும்பிவர இந்த மலையில் ஒன்றுமே மிச்சமிருக்காது என்று அவளுக்குப் பயம்.

ஒரு டிசம்பரில், கையில் இளஞ்சூட்டுக் குப்பியோடு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மூடிகளின் மேல் கற்கள் நிமிர்ந்திருந்தன. பெட்டியின் அடித்தட்டை உருவிப் பார்த்தாள். கேழ்வரகைச் சிந்தினாற்போல உண்ணிகள் உதிர்ந்து கிடந்தன. பனியில் காட்டுப்பக்கமிருந்து காலடிகள் வந்து, அதே வழியில் திரும்பியிருந்தன. வீட்டுப்பக்கம் ஒரு அடிகூட இல்லை.

மருந்தைக் கீழே ஊற்றினாள். யாரிடமும் சொல்லவில்லை. மறு வருஷமும் அப்படியே. எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, வீடே கீழே மாதாகோயில் பூசைக்கு இறங்கியிருக்கும் நேரம். இத்தனை தூரம் ரயிலேறி வந்து, அடுப்பு எரிகிற வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாரே என்று அந்தக் காலடிகளைப் பார்த்து நிற்பாள்.

அடுத்த டிசம்பரில், வெயில் லேசாக அடித்த ஒரு ஞாயிறு, தலைவலி என்று சொல்லிப் பொலோனா பூசைக்குப் போகவில்லை. சற்றுநேரத்தில் காட்டோரத்தில் ஒரு தொப்பி தெரிந்தது. அவர் பெட்டிகளிடம் வந்ததும் அவள் போய் மூடியைத் தூக்கிப் பிடித்தாள்.

"நீ பூசைக்குப் போகலையா?" என்றார் ஓஷ்பெய். மீசை முழுக்க நரைத்திருந்தது.

"நீங்க போனீங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிப் பெட்டி முடிந்தது.

"உள்ள வாங்க ஓஷ்பெய். சூப்பு கொதிக்குது."

"கூப்பிட வேண்டியது நீ இல்ல, பொலோனா."

அவர் கல்லை நிமிர்த்தும்போது பின்னால் பனி நொறுங்கியது. டீனே மூச்சு வாங்க மேலே ஏறிவந்துகொண்டிருந்தான்.

"பூசை முடியலையே?" என்றாள் பொலோனா.

"இத்தனை வருஷத்துல உனக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்ல" என்றான் அவன். "அந்தக் கல்லை நானும்தான் பாக்கறேன். பொடிசுகளுக்கு மருந்து விடற மாசம் பூராவும் எல்லாரையும் பூசைக்கு விரட்டறேனே, பக்தின்னா நினைச்சே?"

பிறகு அண்ணனுக்கு எதிரே போனான். தொப்பியைக் கழற்றினான். பெட்டியைத் தட்டுவதுபோல, அவர் தோளில் விரலால் மெதுவாகத் தட்டினான்.

"ஓஷ்பெய், அம்மா போயிட்டாங்க."

ஓஷ்பெயும் தொப்பியைக் கழற்றினார். "வலிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல. காலையில உன்னைத்தான் கேட்டாங்க. நீ வர்ற பஸ் வந்துடுச்சான்னு."

அன்று ஓஷ்பெய் படியேறினார். சூப்பு இரண்டு முறை வாங்கிக் குடித்தார். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "பென்ஷன் வந்ததும் இங்கயே வந்துடறேன்" என்றார். மேல் அறையைப் பொலோனா சுண்ணாம்பு அடித்து வைத்தாள். அதற்கப்புறம் சில குளிர்காலங்கள் வந்தார், காட்டுவழியாக அல்ல, வாசல்வழியாக. பிறகு முழங்கால் போயிற்று, பார்வையும் மங்கிற்று. மருத்துவர்கள் அங்கே, மாடிப்படி இங்கே. வருகிற வசந்தம், வருகிற வசந்தம் என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

மேல் அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சின்னக் கூட்டங்களுக்குப் பொலோனாதான் மருந்து விடுகிறாள். டீனே மூடியைப் பிடிக்கிறான். ஓஷ்பெய் இப்போது உல்ம் நகரத்தில், முதியோர் இல்லம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறார்.